கத்தி வைக்காத பாத்தி

அந்தப் பாத்தியில் மூன்று வருஷத்துக்குக் கத்தி வைக்கக் கூடாது என்று சொன்னவர் அக்காவின் புருஷன். சொன்ன கெடு தாண்டி, அதற்கு மேலும் அதே அளவு காலம் ஓடிவிட்டது. அவரும் வரவில்லை, போன கோடை வரை அக்காவும் கத்தி வைக்கவில்லை. நூம்பலில் அக்கா வீட்டுப் பின்கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஆள் உயரத்துக்குப் பச்சைப் புகை மாதிரி நிற்கும். காலையில் பல் விளக்கப் போகிறவனுக்கு, யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்றே தோன்றும். நேற்றும் அது செடிதானே என்று நினைவு வருவதற்குள் நெஞ்சு ஒரு தடவை அடித்து ஓயும்.

செடியின் பெயர் ஆஸ்பராகஸ். தெருவில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. கல்யாண மண்டபங்களில் பூங்கொத்துக்கு நடுவே செருகுகிற மெல்லிய பச்சையும் இதுவும் ஒரே ஜாடை என்பதால் பொக்கே செடி என்றார்கள். அக்காவும் அப்படித்தான் சொல்வாள்.

மாமா பாடிப் பக்கம் ஒரு கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். லீவு நாட்களில் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போவார். அங்கே குடியிருந்த கோயம்புத்தூர் அம்மா ஒருவர், கம்ப்யூட்டர் வேலை, மொட்டை மாடியில் தொட்டிகளில் இதை வளர்த்து வந்தார். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது தொட்டிகளோடு மாமாவிடம் கொடுத்துவிட்டார். இதில் சாப்பிடுவது குருத்தை. மண்ணைப் பிளந்து வந்து, தலை விரிவதற்கு முன்னால், விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும்போது மண்ணோடு சேர்த்து அறுக்க வேண்டும். ஆனால் முதல் மூன்று வருஷம் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது. எல்லாக் குருத்தையும் விரியவிட்டால்தான் வேருக்குப் பலம் ஏறும். அப்புறம் இருபது வருஷம் கொடுக்கும். இதெல்லாம் அந்த அம்மா சொன்னது.

மாமாவுக்கு அந்த இருபது வருஷம் ரொம்பப் பிடித்துவிட்டது. "ஒரு தபா வெச்சா இருபது வருசம் மாமே. கம்பெனில கூட நம்மள இவ்ளோ நாளு வெச்சுக்க மாட்டான்" என்றார் என்னிடம்.

அந்தச் சமயம் நான் நூம்பலில் இருந்தேன். நானும் அவரும்தான் பள்ளம் வெட்டினோம். முழங்கால் ஆழம். அடியில் எரு போட்டு, நடுவில் மண்ணை வரப்பு மாதிரி கூட்டி, அதன் மேல் வேரை உட்காரவைத்து இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போடுவதுபோல் பரப்ப வேண்டும். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளத்துக்குள் நின்றபடியே அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏமே, இங்க வா. மூணு வருசம் இதுல கத்தி வைக்காத. அப்பால நானே அறுத்துக் குடுக்கறேன், நீ பொரியல் பண்ணு."

"மூணு வருசம் காத்துகினு இருந்து ஒரு பொரியலா? அதுக்கு நான் பீன்ஸ் வாங்கிக்கறேன்" என்றாள் அக்கா.

மறு வருஷம் அவர் காணாமல் போனார். ஃபர்ஸ்ட் ஷிப்ட். டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு, கம்பெனி ஷூ போட்டுக்கொண்டு, வழக்கம்போல பஸ் பிடிக்கச் சைக்கிளில் வேலப்பன்சாவடி போயிருக்கிறார். சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள் இருந்தது. பூட்டியிருந்தது. கம்பெனி கேட்டுக்கு அவர் போய்ச் சேரவில்லை. வீட்டில் சண்டை இல்லை. குடி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நான் அப்போது ராய்ச்சூர் பக்கம் போர்வெல் போடுகிற போர் வண்டியில் இருந்தேன். தகவல் வந்து, கிடைத்த லாரியில் ஏறி வந்தேன். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணவறை என்று அலைந்தோம். அக்கா வரமாட்டேன் என்றாள். அக்காவின் பெண் என்னோடு வந்து வெளியே நிற்பாள், நான் உள்ளே போவேன். துணியை விலக்குவார்கள். பார்ப்பேன். இவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே வருவேன். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று ஒரு கட்டத்துக்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பிறகு நான் மறுபடி கிளம்பிவிட்டேன். ஏழாவதோடு நின்றவன் நான். போர் வண்டி, லாரி, கல்யாணச் சமையலில் பாத்திரம் தேய்ப்பது, எது கிடைத்தாலும் போவேன். ஒரு ஊரில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. முன்பெல்லாம் ஊர் ஊராகப் போனால் ஊரைப் பார்ப்பேன். அதற்குப் பிறகு முதுகுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். நெல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை மாமாவின் முதுகே எனக்கு முன்னால் போனது. அதே கூன், அதே நடை. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கால்ல இன்னா போட்டுகினு இருந்தாரு?"

"செருப்பு."

"அப்ப அவரு இல்ல. ஷூவோட போனவரு."

நான் நூம்பல் வந்துபோகும்போது அவள் கேட்கிற இன்னொரு கேள்வி உண்டு. "நீ கெளம்பிப் போறியே நைனா, போவ சொல்ல இன்னா நெனச்சுகினு போவே?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஒண்ணும் நெனைக்கமாட்டேன்க்கா. வண்டி வரும், ஏறிப்பேன்" என்றேன். அதன்பிறகு அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாவது இருந்திருப்பாள்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்துக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைப்பாள். விளக்கு வைத்த பிறகு அதை அவளே சாப்பிடுவாள். காலையில் எழுந்ததும் பாத்திக்குத் தண்ணீர். மழை நாளிலும் விடுவாள். தண்ணீர் விடுவது நிற்காததால் அந்தச் செடிக்கு ஓய்வே இல்லை. எந்நேரமும் துடைப்பக்குச்சி கனத்தில் ஏதாவது ஒரு குருத்து வந்து, விரிந்து, கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். அக்காவின் பெண் ஸ்கேன் சென்டரில் வேலை செய்கிறாள். போனில் வீடியோ பார்த்துவிட்டு ஒரு நாள் அம்மாவிடம் சொன்னாள். குளிர் உள்ள ஊரில் இது பனியில் காய்ந்து தூங்குமாம். நம் வெயிலுக்கு நாம்தான் கொஞ்ச நாள் தண்ணீரை நிறுத்திக் காயவிட வேண்டுமாம். மேலே எல்லாம் செத்துப்போன மாதிரி இருக்கும், அறுத்துவிட்டுத் தண்ணீர் விட்டால் கட்டை விரல் கனத்துக்குக் குருத்து வருமாம்.

"வெச்சவரு வந்து சொல்லட்டும்" என்றாள் அக்கா.

பக்கத்து வீட்டு அம்மா பின்பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டார். "தப்பா நெனச்சுக்காத, உன் ஊட்டுக்காரரு அங்க குந்திகினு கீறா மாதிரியே கீது" என்றார். அக்கா கோபப்படவில்லை. அதைக் கேட்ட அன்று அவள் முகம் கொஞ்சம் தெளிவாகக்கூட இருந்தது.

போன வருஷம் பெண்ணுக்கு வரன் வந்தது. ஆவடிப் பையன். பையனின் அம்மா புருஷனை இழந்தவர். வந்தார், பெண்ணைப் பிடித்துப்போனது, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்து எழுந்தவர் வாசலில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"பத்திரிகையில பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி இன்னா போடறது? திருவா, லேட்டா?"

"திரு போடுங்க" என்றாள் அக்கா.

"திரு போட்டா மணவறையில வந்து நிக்கணுமேம்மா."

அக்கா பின்கதவுப் பக்கம் பார்த்தாள்.

"ஒண்ணு ஆளக் காட்டுங்க. இல்ல, காரியத்த முடிச்சுட்டு லேட்டு போடுங்க. நான் கேக்கலன்னா என் சொந்தக்காரனுங்க கேப்பானுங்க. அவனுங்க வாயி என் வாயி மாதிரி இருக்காது."

அவர் போன பிறகு பெண் சொன்னாள். "எனக்கு எது போட்டாலும் ஓகேம்மா. ஏதாவது ஒண்ணு போடு." அக்கா எழுந்து போய்ப் பாத்திக்குத் தண்ணீர் விட்டாள்.

அந்தக் கோடையில் போர் கைவிட்டது. நான் தாய்மாமன் என்பதால் கல்யாணம் முடியும்வரை எங்கேயும் போகக் கூடாது என்று அங்கேயே தங்கியிருந்தேன். மோட்டாரை மேலே ஏற்றிப் பார்த்தேன். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது, தண்ணீர்தான் கீழே போய்விட்டது. தெருவுக்கு லாரித் தண்ணீர் வரும். குடிக்க, சமைக்க, குளிக்க அதுதான். அரிசி கழுவிய தண்ணீரை அக்கா பாத்தியில் ஊற்றிப் பார்த்தாள். அந்த வெயிலுக்கு அது ஈரம்கூட ஆகவில்லை. செடி அடியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்தது. ஒரு காலை அக்கா கையால் தடவியபோது ஊசி ஊசியாக இலையெல்லாம் கொட்டிப் போனது. அவள் அழவில்லை.

"போயிட்டாரு" என்றாள். "இத்தினி நாளு இருந்தாரு. இப்பதான் போயிட்டாரு. காரியம் பண்றவர வரச் சொல்லு."

நான் அவள் பெண்ணைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பு கிடைக்காதவர்களுக்குக் காரியம் செய்கிற முறை ஒன்று எங்கள் பக்கம் உண்டு. வைக்கோலில் ஆள் மாதிரி கட்டி, தலைக்குத் தேங்காய் வைத்து, புது வேட்டி சுற்றி, அதைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போய் எரிப்பார்கள். பதினாறாம் நாள் கருமாதி. தாலி எடுப்பதெல்லாம் அன்றுதான். காரியம் செய்து வைக்கிறவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு கட்டு வைக்கோல் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார்.

நான் வைக்கோல் தேடிப் போனேன். அக்காவும் மாமாவும் சின்ன வயதில் நாற்று நட்ட, கதிர் அறுத்த பூமி இது. ஒரு கட்டு வைக்கோல் கிடைக்கவில்லை. தெருமுனையில் மாடு வைத்திருப்பவரிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"மாமாவுக்குக் காரியம்."

"கோச்சுக்காத அண்ணாத்தே. பால் மாடு திங்கற வைக்கோலு. சாவுக்குக் குடுத்தா ஆவாது."

செம்பரம்பாக்கம் வரை போனேன். வயல் இருந்த இடமெல்லாம் கோடவுன். ஒரு கேட்டில் வாட்ச்மேனிடம் விசாரித்தேன். "வைக்கோலா? தெர்மாகோல் கீது மாமே, எவ்ளோ வேணும் சொல்லு" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பினேன்.

அக்கா என் கையைப் பார்த்தாள். உள்ளே போனாள். கூலிக்குக் கதிர் அறுத்த காலத்துக் கருக்கரிவாள் ஒன்று பரணில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போய்ப் பாத்தியில் குனிந்தாள். கொத்துக் கொத்தாகப் பிடித்து மண்ணோடு சேர்த்து அறுத்தாள். வயலில் அறுத்த கை, பழக்கம் விட்டுப்போகவில்லை. காய்ந்த ஊசிகள் அவள் தலை முழுக்க ஒட்டின. அந்தப் பாத்தியில் விழுந்த முதல் கத்தி அது.

காரியம் செய்கிறவர் அறுத்த செடிகளை உருட்டிப் பார்த்தார். "காஞ்சுதானே கீது? செரி" என்றார். கழுத்து, இடுப்பு, கணுக்கால் என்று மூன்று இடத்தில் இழுத்துக் கட்டினார். வேட்டி சுற்றியதும் அது மாமாவின் உயரம் வந்தது. செடியே அவர் உயரம்தான். பாடையை ஆளுக்கொரு மூலை பிடித்தோம். போர் வண்டியில் இரும்புக் குழாய் சுமந்த தோள் எனக்கு. அதில் கனமே இல்லை. கனமில்லாததைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சுடுகாட்டில் பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். பீடி பற்றவைத்தவர் அதை முடிப்பதற்குள் எல்லாம் எரிந்துவிட்டது. "சட்டுன்னு போயிட்டாரு, நல்ல மனுசன்" என்றார் வெட்டியான். சிரிப்பதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்திரிகை அடிக்கிற இடத்தில் லேட் போட்டு மாதிரி கொடுத்தாயிற்று. கருமாதி வரைக்கும் இருந்த நாட்களில் அக்கா நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் சும்மா உட்கார்ந்திருந்தாள். தட்டு கவிழ்த்து வைப்பதை நிறுத்தியிருந்தாள். அப்போதுதான் மழை வந்தது. இடியோடு சாயந்திர மழை. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

கருமாதிக்கு முந்திய வாரம் ஒரு காலை, "டேய்" என்று அக்கா கூப்பிட்ட குரலில் பின்பக்கம் ஓடினேன். மொட்டையாகக் கிடந்த பாத்தியில் மண் வெடித்திருந்தது. வெடித்த இடத்திலெல்லாம் கட்டை விரல் கனத்தில் குருத்து. நுனி கத்தரிக்காய் நிறம், கீழே வெளிறிய பச்சை. ஒரு வருஷம்கூட அது அப்படி வந்ததில்லை. அக்காவின் பெண் பின்னால் வந்து நின்று, "கை மாதிரி கீதும்மா" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ப்ரெஸ்ஸுக்குப் போன் பண்ணு. லேட்டு எடுக்கச் சொல்லு" என்றாள் அக்கா.

"அம்மா, அது செடிம்மா. தண்ணி இல்லன்னா தூங்கும், வந்தா எழுந்துக்கும். அதுக்கும் அப்பாவுக்கும் ஒண்ணும் இல்ல."

"காஞ்சு போன அன்னிக்கு மட்டும் சம்பந்தம் இருந்துதா? அன்னிக்கு இது வெறும் செடின்னு யாராச்சும் சொன்னீங்களா?"

பெண் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அது காய்ந்தது எங்களுக்கு வசதியாக இருந்தது. கருமாதி வேண்டாம், தாலியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் ஆவடிக்குப் போன் போட்டேன். பையனின் அம்மா, "நானே வரேன்" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தோம். அவர் வருகிற அன்று காலை அக்கா பாத்தியில் உட்கார்ந்து குருத்துகளை அறுத்தாள். அடி நாரை உரித்துவிட்டு, பொடியாக நறுக்கி, கடுகு தாளித்து, தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்தாள். பையனின் அம்மா வந்தார், உட்கார்ந்தார், முகம் சரியில்லை. அக்கா பேச்சே எடுக்காமல் இலை போட்டாள்.

அவர் ஒரு வாய் வைத்தார். "இன்னா காய் இது? பீன்ஸும் இல்ல, முருங்கையும் இல்ல."

"அவரு வெச்சது" என்றாள் அக்கா.

அவர் தலை நிமிர்ந்தபோது அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்திருந்த தட்டைப் பார்த்தார். அன்று மறுபடியும் வைத்திருக்கிறாள், எனக்கே அப்போதுதான் தெரியும்.

"அது யாருக்கும்மா?"

"ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிஞ்சு வர நேரம்."

அதைச் சொன்னபோது அக்காவின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். பையனின் அம்மா இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து அக்காவிடம் சொன்னார்.

"எங்க ஊட்டுக்காரர நான் என் கையால தொட்டுப் பார்த்தேன். சில்லுன்னு இருந்துது. அது போதும் எனுக்கு. உனுக்கு அது கூட இல்ல." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார். "பேர மட்டும் போடுங்க. முன்னாடி திருவும் வேணாம், லேட்டும் வேணாம். எவனாச்சும் கேட்டா என்னாண்ட அனுப்புங்க."

பத்திரிகை அப்படித்தான் வந்தது. எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒரு திருவோ திருமதியோ இருக்க, மாமாவின் பெயர் மட்டும் ஒன்றும் இல்லாமல் நின்றது. மணவறையில் அக்கா பொட்டோடு நின்றாள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நான் நின்றேன். போட்டோக்காரர், "மாமா, கொஞ்சம் கிட்ட வாங்க" என்றார். நான் நகரவில்லை.

பெண் ஆவடி போன பிறகு கிளம்பலாம் என்று பையை எடுத்து வைத்தேன். கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது, போகும்போதும் எனக்குக் காரணம் தெரிந்ததில்லை. போரை ஆழப்படுத்தினோம். தண்ணீர் வந்தது. இந்தக் கோடையில் ஒரு காலை பாத்திக்குத் தண்ணீர் திறக்கப் போனேன்.

"வேணாம். மூடு" என்றாள் அக்கா.

நிறைய தண்ணீர் இருந்தது. அவளாகவே நிறுத்தினாள். பாத்தி மஞ்சளாகி, வெளுத்து, போன வருஷம் மாதிரியே ஊசி கொட்ட ஆரம்பித்தது. கருக்கரிவாளை எடுத்து அவளே அறுத்தாள். குப்பையில் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். இல்லை என்று கயிறு கொண்டுவரச் சொன்னாள். உட்கார்ந்து, கழுத்து, இடுப்பு, கணுக்கால் இருக்கிற இடத்தில் இழுத்துக் கட்டினாள். அதைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள்.

"இது எதுக்குக்கா?"

"வைக்கோலு தேடி அலைய வேணாம் இல்ல" என்றாள். "வந்தாருன்னா பொரியல். வரலன்னு தெரிஞ்சா இது கீது."

முதல் மழை வந்தபோது நனையக் கூடாது என்று அதை அவளே தூக்கி வந்து, பின்னறையில் மாமாவின் சைக்கிள் பக்கத்தில் நிறுத்தினாள். நான் படுக்கிறது அந்த அறையில்தான்.